காலியம்

அஸ்கர் முகாமில் எங்கள் அறைக்கு
நாலு இரட்டைக் கட்டில், ஏழு பேர்.
ஜன்னலோரம் மேல்படுக்கை சித்திரையிலிருந்து காலி.
கம்பியில் ஒட்டிய சீட்டில்
முகாம் மேலாளர் பென்சிலால் எழுதியிருந்தார்:
வரவேண்டியவர்.

எனக்கு அலுமினிய ஆலையில் சோதனைச்சாலை.
இரவுப் பணி.
உலையிலிருந்து அள்ளி வந்ததை வில்லையாகக் கடைந்து
மின்பொறிக்குக் கொடுத்தால்
திரையில் வரிசையாய் வரும்:
இரும்பு, சிலிக்கன், வனேடியம்,
பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்கு காலியம்.
அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

அகப்படும் முன்பே அதற்கு இடம் போட்டவர் ஒரு ருஷ்யர்.
தாடிக்காரர்.
அலுமினியத்துக்கு அடியில் ஒரு கட்டத்தை விட்டுவைத்தார்,
பந்தியில் இலை போட்டதுபோல.
பெயர் பிறகு வரட்டும் என்று
நம் பக்கத்து 'ஏக'வை எடுத்து ஒட்டினார்:
ஏக அலுமினியம்.
லேசான சூட்டுக்கே உருகும் என்றும் எழுதினார்.

நாலு வருஷத்தில் பிரான்சில் ஒருவர் அதைப் பிடித்தார்.
அடர்த்தி நாலே முக்காலுக்குச் சற்றுக் குறைவு என்று அறிவித்தார்.
கண்ணால் காணாதவர்
கையில் வைத்திருந்தவருக்குச் சொல்லி அனுப்பினார்:
உம்மிடம் இருப்பது சுத்தமில்லை,
மறுபடி பாரும், ஆறுக்குக் கிட்ட வரும்.
வந்தது.
பிடித்தவர் தன் நாட்டின் பழைய பெயரை வைத்தாராம்.
காலியாய்க் கிடந்த கட்டத்துக்குக் காலியம்;
எனக்கு அது நம் ஆள் வைத்த பெயராகவே கேட்கும்.

படித்த நாளிலிருந்து அந்தத் திமிர் பிடித்துப்போயிற்று.
அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, சோறு வேகும்வரை,
வரவேண்டியவரைக் கணித்தோம்.

முன்பு அந்தப் படுக்கைக்கு வந்த மூவரும்
கரீம்நகர் ஏஜெண்ட் அனுப்பியவர்கள்.
'அப்போ தெலுங்கு' என்றான் செல்வின்.
'கிரேன் ஓட்டுவான்' என்றார் ஜெய்லானி.
'வயசு இருபத்தாறு. கடன் நாலு லட்சம், ரெண்டு வட்டி.
முதல் மாசம் அழுவான்,
பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு.'
இது இசக்கியப்பன்.
சிரித்தோம். ஒருவரும் மறுக்கவில்லை.
பெயர் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

நூற்றுப் பத்தொன்பதாவது தனிமம் இன்னும் அகப்படவில்லை.
அதுவரை எண்ணைக் கோத்தே கூப்பிடுகிறார்கள்,
அன் அன் என்னியம்:
ஒன்று, ஒன்று, ஒன்பது.
ஆலை வாசலில் அட்டையைக் காட்டும்போது நானும்
நாலு, ஏழு, மூன்று, இரண்டு.
பச்சை விளக்கு. போ.

ஆடியில் வந்தான்.
தெலுங்குதான். கிரேன்தான். இருபத்தாறுதான்.
கடன் மட்டும் இரண்டு லட்சம் என்றான்.
இசக்கியப்பன் தட்டைக் கீழே வைத்தான்:
'மறுபடி எண்ணு.'
விரல் மடக்கினான்.
விசா, டிக்கெட், அக்கா வளையல், தம்பி பேரில் வாங்கியது...
நாலேகால்.

பெயர் ஓதெலு.
பென்சில் எழுத்தை எச்சில் தொட்டு அழித்துவிட்டு
தமிழில் நானே எழுதினேன்.
தன் பெயர்தானா என்று
விரலால் தடவிப் பார்த்தான்.

கனத்த தனிமங்கள் நொடிகூடத் தங்குவதில்லை.
இன்னும் கனத்தால் எங்கோ ஒரு நிலைத்த தீவு வருமாம்,
கணக்கில் இருக்கிறது.
பஹ்ரைனும் தீவுதான்.
ஓதெலு பத்தொன்பது நாள் இருந்தான்.
எக்ஸ்ரேயில் பழைய தழும்பு என்றார்கள்.
ஹைதராபாதில் தேறிய அதே நெஞ்சு.
மறுபடி பாரும் என்று எழுத
எங்களில் யாருக்கும் தாடியில்லை.

அலமாரியில் ஒரு குப்பிக் காலியம் உண்டு.
ஏசி ஓடும்வரை கல்.
அவன் போன மதியம் மின்சாரம் நின்றது.
உருக்க இங்கே
உள்ளங்கை வேண்டியதில்லை.

மேலாளர் பென்சிலோடு வந்துபோனார்.
அன்றிரவு வில்லையைப் பொறிக்குக் கொடுத்தேன்.
காலியம் தொண்ணூற்றொன்று.
யாரும் கேட்கவில்லை.
எடுத்து, துடைத்து,
மறுபடி வைத்தேன்.